310-க்கு அடுத்து எது: 650 இரட்டைச் சிலிண்டரா, 600 நான்கு சிலிண்டரா?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். கோவையில் வேலை, வயது 27, மூன்று ஆண்டுகளாக டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, இதுவரை ஓடியது 31,000 கிலோமீட்டர். மனம் 600 சிசி வகுப்பின் நான்கு சிலிண்டர் வண்டியான கவாசாகி நின்ஜா இசட்.எக்ஸ்.-6ஆர் மீது இருக்கிறது. வீட்டில் இரட்டைச் சிலிண்டர் நின்ஜா 650 என்றால் சம்மதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர்களோ, "650 ஆறு மாதத்தில் சலித்துவிடும், வாங்குவதுதான் வாங்குகிறாய், ஒரேயடியாகப் பெரியதாக வாங்கு" என்கிறார்களாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 650 வாங்குங்கள். அதையும் இந்த 310-ஐ ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு வாங்குங்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் அதே வாதத்தை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் வண்டி மாற்றினேன். அதனால் ஒரு வரியில் பதில் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எடைக்கும் திறனுக்கும் உள்ள கணக்கைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய உங்கள் 310, 34 குதிரைத்திறன், 174 கிலோ. நீங்கள் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 249 கிலோவை 34 குதிரைகள் இழுக்கின்றன. நின்ஜா 650-க்கு 68 குதிரைத்திறன், 196 கிலோ. திறன் இரட்டிப்பு, எடை 22 கிலோதான் கூடுதல். இசட்.எக்ஸ்.-6ஆர் ஏறத்தாழ 198 கிலோ, ஆனால் முன்புறக் காற்று முழுமையாக உள்ளே பாயும்போது 129 குதிரைத்திறன் வரை தரும். ஓட்டுபவரையும் சேர்த்துக் கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால், 310-ஐவிட 650 ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று மேல், 6ஆர் மூன்று மடங்குக்கும் மேல். 650-க்கு மாறுவது உங்களுக்குப் பெரிய மாற்றமாகவே இருக்கும். அதைச் "சின்ன வண்டி" என்று சொல்பவர் அதை இரண்டாவது கியரில் முழுமையாகத் திறந்து பார்த்தவராக இருக்க மாட்டார்.

இந்தக் கணக்கைவிட முக்கியமானது, அந்தத் திறன் எந்த இடத்தில் வருகிறது என்பது. நின்ஜா 650-இன் உச்ச முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், 64 நியூட்டன் மீட்டர். அது நிமிடத்துக்கு 6,700 சுழற்சியில் கிடைத்துவிடுகிறது. இசட்.எக்ஸ்.-6ஆரின் உச்சம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், எழுபதை ஒட்டி வரும். ஆனால் அதைப் பெற நீங்கள் 11,000 சுழற்சி அருகே போக வேண்டும். அவிநாசி சாலையில், பொள்ளாச்சி சாலையில், ஒரு லாரியைத் தாண்டும்போது என்ஜின் எத்தனை சுழற்சியில் இருக்கும்? நாலாயிரம், ஐயாயிரம். அந்த இடத்தில் 650 ஆக்சிலேட்டரைத் தொட்டதும் இழுக்கும். 6ஆர் அங்கே சாதுவாக இருக்கும். அதன் உண்மையான முகம் தெரிய வேண்டுமென்றால் முதல் கியரிலேயே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். நான்குவழிச் சாலையிலேயே மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வேக வரம்பு 80. முதல் கியரைக்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாத வண்டியை அன்றாடம் ஓட்டுவதில் என்ன நிறைவு கிடைக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி என் கதை. 2013-இல் ஒற்றைச் சிலிண்டர் 250 சிசி வண்டியிலிருந்து, மின்னணுப் பாதுகாப்பு எதுவும் இல்லாத பழைய 600 சிசி நான்கு சிலிண்டர் வண்டிக்கு மாறினேன். முதல் இரண்டு மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. அதுதான் ஆபத்து, ஏனென்றால் கீழ்ச்சுழற்சியில் அது 250 போலவே நடந்துகொண்டது. மூன்றாவது மாதம் ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்கிடையே நீளமாக வளைந்து போகும் பகுதிகள். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும், சாலை பாதி காய்ந்திருந்தது. அப்படி ஒரு நீண்ட வளைவில் இரண்டாவது கியரில், வண்டி இன்னும் சாய்ந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரைத் திறந்தேன். 250-இல் எப்படித் திறப்பேனோ அப்படியே, முழுதாக. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. சுழற்சி எட்டாயிரத்தைத் தாண்டியதும் பின்சக்கரம் வழுக்கியது. பயத்தில் கையைச் சட்டென்று மூடினேன். வழுக்கிய டயர் திடீரெனப் பிடித்துக்கொள்ள, வண்டி என்னைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். எதிரே அப்போது பேருந்து வரவில்லை என்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தவறை நான் அன்றுதான் செய்தேன் என்று நினைக்காதீர்கள். 250-இல் அதே தவறை நூறு முறை செய்திருப்பேன். அந்த வண்டியிடம் டயரை வழுக்கச் செய்யும் அளவுக்குத் திறன் இல்லாததால் அது ஒவ்வொரு முறையும் என்னை மன்னித்துவிட்டது. உங்கள் 310-உம் அப்படித்தான். வளைவின் நடுவில் முழுதாகத் திறந்தாலும், பயந்து பாதியில் மூடினாலும் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்துவிடுவீர்கள். உங்கள் வலது கை எவ்வளவு முரடானது என்பதை இதுவரை எந்த வண்டியும் உங்களுக்குச் சொல்லியிருக்காது. 650 அதைச் சொல்லும், ஆனால் முதல் தடவையிலேயே அடிக்காது. 6ஆர் சொல்லிக்கொண்டிருக்காது. அதில் இழுவைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்லதும்கூட. நின்ஜா 650-இலும் இப்போது இரண்டு நிலைகளில் தருகிறார்கள். ஆனால் மின்னணுச் சாதனத்தால் பின்சக்கரத்தின் சுழற்சியைத்தான் அடக்க முடியும். சாலையில் கொட்டிய மணலை அது அள்ளாது. அதிக வேகத்தில் வளைவுக்குள் நுழைந்துவிட்ட வண்டியை அது திருப்பிக் கொண்டுவராது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் 310-இல் 120-இல் போகும்போது என்ஜின் அதிரும், காற்று அறையும், உடம்புக்கே தெரியும். நான்கு சிலிண்டர் வண்டியில் 120 என்பது ஆறாவது கியரில் மெல்லிய ரீங்காரம். வேகமானி பார்க்காவிட்டால் எண்பது என்று நினைப்பீர்கள். இங்கேதான் பிரேக் கணக்கு வருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் நகர்கிறீர்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, பிறகு நன்றாகவே பிடித்தால்கூட நிற்க ஏறத்தாழ 50 மீட்டர், ஆக எண்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 140-இல் அதே கை, அதே பிரேக், அதே சாலை, ஆனால் 130 மீட்டருக்கு மேல். வேகம் நாற்பது சதவீதம் கூடியதற்கு, பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. பல்லடம் பக்கம் எதிர்த்திசையில் வரும் ஒரு மொபெட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அதனால் உங்களிடம் சில கேள்விகள். வேண்டுமென்றே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும் வரை முன்பிரேக்கை அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? ஆளில்லாத நேரான சாலையில் அறுபதிலிருந்து நிறுத்தி, எத்தனை அடியில் நின்றது என்று நடந்து அளந்திருக்கிறீர்களா? வால்பாறையையோ, எழுபது வளைவு கொண்ட கொல்லிமலையையோ, எந்த வளைவின் நடுவிலும் பிரேக் தொடாமல், பதற்றமில்லாமல், ஒரே தாளத்தில் ஏறி முடிக்க உங்களால் முடிகிறதா? வளைவில் உங்கள் கண் முன்சக்கரத்தின் முன்னால் இருக்கிறதா, வளைவு முடியும் இடத்தில் இருக்கிறதா? 31,000 கிலோமீட்டர் என்பது நல்ல அனுபவம்தான். ஆனால் அதில் இருபத்தைந்தாயிரம் அலுவலகத்துக்குப் போய்வந்த கிலோமீட்டராக இருந்தால், இவற்றில் எதையும் அது கற்றுத் தந்திருக்காது. 310 சலித்துவிட்டது என்கிறீர்கள். நேர்ச்சாலையில் சலித்திருக்கும், நம்புகிறேன். வளைவில் அந்த வண்டி தரக்கூடியதை நீங்கள் இன்னும் வாங்கி முடிக்கவில்லை என்பது என் ஊகம்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் பந்தயத் தடம். திருப்பெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் சென்னைப் பந்தயத் தடம் 3.7 கிலோமீட்டர் சுற்று, பன்னிரண்டு வளைவுகள். 1990-இல் திறந்தார்கள். அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டக்கூடிய நாள்களும் பயிற்சி முகாம்களும் அங்கே நடக்கின்றன. உங்கள் ஊரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது சிறியது, 310-க்குப் பொருத்தமானது. எதிரே வண்டி வராத, மணல் இல்லாத, அடுத்த வளைவு எங்கே என்று தெரிந்த இடத்தில் ஒரே வளைவை இருபது முறை எடுக்கும்போதுதான், பிரேக்கை எங்கே விடுகிறோம், கை எப்போது திறக்கிறது என்பதெல்லாம் நமக்கே தெரியவரும். நல்ல பயிற்சியாளர் ஒருவர் உங்களைப் பின்தொடர்ந்து ஓட்டிப் பார்த்துச் சொல்லும் நாலு வார்த்தை, மூன்று ஆண்டுச் சாலை ஓட்டத்துக்குச் சமம். அந்த ஒரு நாளுக்கு ஆகும் செலவு நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் ஒரு ஜோடி டயர் விலையை ஒட்டித்தான் இருக்கும்.

இந்தப் படிநிலையை வேறு ஊர்களில் சட்டமே போட்டுத் தருகிறது. சிங்கப்பூரில் முதலில் 200 சிசி வரைக்கும்தான் உரிமம். ஓர் ஆண்டு கழித்து ஓட்டுத் தேர்வில் தேறி 400 வரை, இன்னோர் ஆண்டு கழித்து அதற்கு மேல். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்வார்கள். ஐரோப்பாவில் இடைநிலை உரிமத்துக்கு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன் வரம்பு. நம் நாட்டில் பதினெட்டு வயதில் கியர் வண்டி உரிமம் வாங்கிய அன்று மாலையே இருநூறு குதிரைத்திறன் வண்டியில் ஏறலாம். தடுக்க யாருமில்லை. அதனால் அந்தப் படிகளை நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள், ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். முன்பு 350 சிசி வரை 28, அதற்கு மேல் 28-உம் மூன்று சதவீதக் கூடுதல் வரியுமாக 31 இருந்தது. உங்கள் 310 விலை இறங்கிய பக்கத்தில் இருக்கிறது, வாங்கப்போவது ஏறிய பக்கத்தில். இதன் விளைவாகப் புதிய 310-களும் மலிவாகிவிட்டதால் உங்கள் பழைய வண்டிக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விலை கிடைக்காமல் போகலாம், அதைக் கணக்கில் வையுங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம். எட்டு லட்ச ரூபாய் வண்டி என்றால் அதுவே 96,000 ரூபாய். புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தனி.

காப்பீட்டில் பலருக்கும் தெரியாத ஒரு நன்மை இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நீங்கள் இழப்பீடு எதுவும் கேட்காமல் சேர்த்து வைத்திருக்கும் கட்டணக் கழிவு (நோ கிளெய்ம் போனஸ்), வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். 310-ஐ விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வண்டியின் சொந்தச் சேதக் கட்டணத்தில் அது கழியும். கேட்காவிட்டால் யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

பிறகு ஓட்டச் செலவு. 310 லிட்டருக்கு முப்பதை ஒட்டிக் கொடுக்கும், 650-இல் இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள், 6ஆரில் அதற்கும் கீழே. டயரும் பிரேக் பட்டையும் செயின் தொகுப்பும் விலையில் வேறு உலகம். மாதத் தவணை கட்டிவிட்டு டயர் மாற்றக் காசில்லாமல் தேய்ந்த டயரில் ஓட்டும் பெரிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மொத்தப் பணத்தில் எண்பது சதவீதத்துக்குள் வண்டியை முடித்துவிட்டு, மீதியைக் கவசத்துக்கும் பயிற்சிக்கும் முதலாண்டு பராமரிப்புக்கும் ஒதுக்குங்கள். ஹெல்மெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். முதுகுக் காப்பும் கணுக்காலை மூடும் காலணியும் விரலெலும்பைக் காக்கும் கையுறையும் வேண்டும். என் காறை எலும்பு முறிந்த அன்று முதுகுக் காப்பு போட்டிருந்தேன். பிளவு விழுந்த அந்தக் காப்பை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

நின்ஜா 650 மட்டும்தானா என்றால், இல்லை. சுசூகி ஜி.எஸ்.எக்ஸ்.-8ஆர் 776 சிசி, இரட்டைச் சிலிண்டர், 83 குதிரைத்திறன். நடுச்சுழற்சியில் இழுவை 650-ஐவிட நன்றாக இருக்கும், விலையும் கூட. ட்ரையம்ப் டேடோனா 660 மூன்று சிலிண்டர், 95 குதிரைத்திறன். கீழே இரட்டைச் சிலிண்டரின் பலம், மேலே நான்கு சிலிண்டரின் பாட்டு. பணம் இடம் கொடுத்தால் என் மனம் அதைத்தான் சொல்லும். ஹோண்டா சி.பி.ஆர். 650ஆர் நான்கு சிலிண்டரின் சுகத்தை 6ஆரின் கூர்மையில்லாமல் தரும், ஆனால் 211 கிலோ. ஏப்ரிலியா ஆர்.எஸ். 457 பாராமதியில் செய்கிறார்கள், எடை உங்கள் 310-ஐ ஒட்டியே இருக்கிறது, 47.6 குதிரைத்திறன். அருமையான வண்டி. ஆனால் 310-இலிருந்து அதற்கு மாறிவிட்டு இரண்டு ஆண்டில் மறுபடியும் மாற்றுவீர்கள், இரண்டு முறை வரி கட்டுவீர்கள். கடன் வேண்டாம் என்றால் மட்டும் அதைப் பாருங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கலை முன்கூட்டியே சொல்கிறேன். உங்கள் 310-இன் அடிப்பகுதி தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்ஜா 650-இல் அது 130. ஊருக்குள் உள்ளாட்சிகள் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளில் பின்னால் ஆள் இருந்தால் அடி தட்டும். சாய்வாக, ஓரமாக ஏறிக் கடக்கப் பழக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சிக்னலில் நிற்கும்போது விசிறி ஊதும் சூடு தொடையில் படும். நான்கு சிலிண்டரில் அது இன்னும் மோசம்.

இவ்வளவு சொன்ன பிறகும் 6ஆர்தான் வேண்டும், பழைய வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது என்றால், குறைந்தபட்சம் இதைப் பாருங்கள். கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அது போய் முட்டும் இரும்பு நிறுத்தியில் நசுங்கலோ புது வண்ணப்பூச்சோ இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இருந்தால் அந்த வண்டி பலமாக விழுந்திருக்கிறது, வெளியே புது உறைகள் மாட்டியிருந்தாலும். முன் சஸ்பென்ஷன் குழாயில் எண்ணெய்க் கசிவு, சட்டகத்தில் பற்றவைத்த தடயம், என்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்பது, கடன் இருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம், வெளிமாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்று. காப்பீட்டில் கழிவு பூஜ்யமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்த ஒரு எண் பல கதைகளைச் சொல்லிவிடும்.

650 வந்த பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் தனியாக ஓட்டுங்கள். நண்பர்களோடு கூட்டமாகப் போக வேண்டாம், பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். முன்பிரேக்கில் இப்போது இரண்டு வட்டு இருக்கும், 310-இல் நான்கு விரலால் பிடித்த பிடியை இரண்டு விரலுக்குக் குறையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்குக் காலி இடத்தில் பத்து முறை அறுபதிலிருந்து நிறுத்திப் பழகுங்கள், பத்து முறை கால் ஊன்றாமல் வட்டமடியுங்கள். முடிந்தால் 310-ஐ ஓர் ஆண்டு விற்காமல் வைத்திருங்கள், தடத்துக்கு அதை எடுத்துச் செல்லுங்கள். ஓர் ஆண்டில் 650-இன் ஆக்சிலேட்டரைச் சாய்வில் மில்லிமீட்டர் கணக்கில் திறக்க உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு 6ஆர் வாங்குவதாக இருந்தால் நானே உங்களோடு ஷோரூமுக்கு வருகிறேன்.

அடுத்த வாரம் ஓட்டிப் பார்க்கப் போகும்போது நேர்ச்சாலையில் முறுக்கிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மூன்றாவது கியரில் நாற்பதில் போய், ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து மெல்ல மூடி, அந்த இடத்தில் வண்டி வெட்டுகிறதா, வழுவழுவென்று போகிறதா என்று பாருங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மணிக்கட்டில் பாரம் தெரிகிறதா, முழங்கால் டேங்கைப் பிடிக்கிறதா என்றும் கவனியுங்கள். இரண்டையும் எனக்கு எழுதுங்கள். கைப்பிடியையும் பிரேக் நெம்புகோலையும் உங்கள் உயரத்துக்கு எப்படிச் சரிசெய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.